கண்ணம்பாடி நிலைத்தது, நாயம்பாடி மறைந்தது ஏன்? மேட்டூர் நீருக்குள் இருக்கும் ஊர்களைப் பற்றி

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: மேட்டூர் அணையின் நீர்மட்டம் குறையும்போதெல்லாம் நந்தி சிலை தெரிகிறது, தேவாலயக் கோபுரம் தெரிகிறது என்று படத்தோடு செய்தி வருகிறதே, அது எந்த ஊர்? அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? டெல்டாவில் இருக்கும் நமக்கு அந்த ஊரோடு என்ன தொடர்பு? அதை நினைவில் வைத்துக்கொள்ள நம்மால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்; அதற்கு விடை தெரிந்தால்தான் மற்றவை நமக்கு ஏன் வேண்டும் என்பது புரியும். நான் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரன், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் வருவது கல்லணைக் கால்வாயிலிருந்து. பத்திரங்களிலும் அரசு அறிக்கைகளிலும் அதற்கு அந்தப் பெயர். எங்கள் ஊரில் அது புதாறு. காவிரியும் வெண்ணாறும் கரிகாலன் காலத்திலிருந்து பாய்கின்ற பழைய ஆறுகள் என்பதால், மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்ட இந்தக் கால்வாயை எங்கள் முன்னோர்கள் புது ஆறு என்று அழைத்து, அது நாளடைவில் புதாறாகி நின்றுவிட்டது. அது வருவதற்கு முன்பு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பெரும்பகுதி நிலம் வானம் பார்த்த பூமியாகவும் ஏரி நம்பிய பூமியாகவும்தான் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா என்றாலே நெல் என்று பேசுகிற வழக்கம் எங்கள் பாட்டனார் காலத்தில் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. அவர் வரகும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவர்.

என் தந்தையாருக்கு எட்டு வயது இருக்கும்போது புதாற்றில் முதல் தண்ணீர் வந்தது. அதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வாய்க்காலின் வெடித்த தரையில் பிள்ளைகள் எல்லாரும் இறங்கி நின்றார்களாம். தண்ணீர் அவர்கள் நினைத்ததுபோல் பாய்ந்து வரவில்லையாம். முன்னால் சருகும் நுரையும் குப்பையும் ஒரு பாயைச் சுருட்டுவதுபோல் உருண்டு வர, அதற்கு முன்னால் எறும்பும் நட்டுவாக்காலியும் உயிருக்கு ஓட, அதற்கும் முன்னால் இவர்கள் ஓடினார்களாம். நனைந்த மண்ணின் வாசனையைச் சொல்லும்போது அவர் எண்பது வயதிலும் மூச்சை இழுத்துக் காட்டுவார். அதே 1934-ஆம் ஆண்டில், அதே தண்ணீர், ஆற்றின் போக்கில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே, பலருடைய வீட்டு வாசலிலும் கோயில் படியிலும் ஏறிக்கொண்டிருந்தது என்பதை அவரும் அறியார், அவருக்குச் சொல்லவும் ஆளில்லை. எனக்கே அது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. நமக்கும் அந்த ஊர்களுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

அணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவிரியின் குறுக்கே மேட்டூரில் ஒரு பெரிய தேக்கம் வேண்டும் என்ற திட்டத்தை எல்லிஸ் என்ற பொறியாளர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தார். மைசூர் அரசு அதே காலத்தில் மேலே கண்ணம்பாடியில் தனது அணையை (கிருஷ்ணராஜசாகர்) தொடங்கியதால் வழக்கு வளர்ந்து, 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகுதான் மேட்டூருக்கு வழி பிறந்தது. 1925-இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. நீளம் 5,300 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); நிரம்பி நிற்கும்போது நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர். அப்போதைய ஆளுநரின் பெயரால் தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயரிட்டார்கள். பழைய டெல்டாவின் பாசனம் உறுதிப்பட்டதோடு, கல்லணைக் கால்வாய், வடவாறு நீட்டிப்பு ஆகியவற்றின் வழியாகச் சுமார் 3 லட்சம் ஏக்கர் நிலம் புதிதாகப் பாசனம் பெறும் என்பது திட்டத்தின் கணக்கு. அந்த 3 லட்சம் ஏக்கரில் எங்கள் நிலமும் அடக்கம்.

இனி ஊர்கள். நாளிதழ்களில் படம் வருவது சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில், கொளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து எடுத்தது. அங்கே தெரிகின்ற நந்தி, ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; அது ஏறக்குறைய 70 அடிக்குக் கீழே இறங்கினால் நந்தி தலைகாட்டத் தொடங்கும். தேவாலயக் கோபுரம் அதற்கும் முன்பே தெரிந்துவிடும். தேவாலயம் நாயம்பாடி என்ற ஊரைச் சேர்ந்தது. இவை தவிர பழைய காவேரிபுரம் உள்ளிட்ட ஆற்றோர ஊர்கள் பல முழுமையாகவோ பகுதியாகவோ தேக்கத்துக்குள் போயின. பண்ணவாடிக்கு எதிர்க்கரையில் நாகமரை, கோட்டையூருக்கு எதிர்க்கரையில் ஒட்டனூர் என்று இன்றும் பரிசலிலும் படகிலும் கடக்கிற துறைகள் இருக்கின்றன; அந்த நீருக்கு அடியில் பழைய ஆறும், பழைய ஆற்றின் இரு கரையிலும் இருந்த தோட்டங்களும் கிடக்கின்றன.

இவற்றில் காவேரிபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது பெயர் தெரியாத பட்டிக்காடு அன்று. மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்குகிற கணவாய்க்கே காவேரிபுரம் கணவாய் என்றுதான் பெயர். அங்கே ஒரு கோட்டை இருந்தது. ஹைதர் அலிக்கும் கும்பினியாருக்கும் (கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கும்) நடந்த போர்களில் அந்தக் கோட்டையின் பெயர் வருகிறது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், கும்பினியாரின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிவந்த புக்கனன் இந்தக் கணவாய் வழியாகத்தான் கீழே இறங்கி, வழியில் கண்ட மண்ணையும் பயிரையும் மக்களையும் எழுதிவைத்தார். ஆற்றங்கரைக் கோட்டை, கணவாய் வழி வணிகம், பரிசல் துறை, கோயில் ஆகிய இத்தனையும் கொண்ட ஓர் ஊரை, நீரில் மூழ்கிய நந்தி என்ற ஒரே படமாகச் சுருக்கிப் பார்த்துப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். நந்தியைப் பார்க்கும்போது அதன் முன்னால் சந்தைக்குப் போன பாதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மக்கள் எங்கே போனார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் மேட்டுப் பகுதிக்கு ஏறி, பழைய பெயரையே புதிய குடியிருப்புக்கும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று பண்ணவாடி என்றும் காவேரிபுரம் என்றும் கரைமேல் ஊர்கள் இருக்கின்றன. வழிபாட்டில் இருந்த சிலைகளைத் தங்களோடு எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்தார்கள் என்றும், எடுக்க முடியாத பெரிய நந்தி நின்றுவிட்டது என்றும் பண்ணவாடிப் பக்கத்தில் சொல்கிறார்கள். நாயம்பாடிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னும் மேலே, மலைப்பாங்கான மார்ட்டள்ளிக்குப் போய்க் குடியேறினார்கள். அப்போது மார்ட்டள்ளி இருந்த கொள்ளேகால் பகுதி சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்தது. ஆகவே, நமக்குத் தண்ணீர் தேங்குவதற்காக ஊரை விட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறார்கள். காவிரிச் சிக்கல் சூடாகும் ஒவ்வொரு முறையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், இந்தப் பக்கம் இருப்பவர்கள் என்று நாம் கோடு போட்டுப் பேசும்போது எனக்கு மார்ட்டள்ளி நினைவுக்கு வரும்.

நான் பண்ணவாடிக்குப் போனது 2024 மே மாதம். அதற்கு முந்தைய ஆண்டு நமக்கு எப்படி இருந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2023 ஜூன் 12-ஆம் தேதி வழக்கம்போல் மேட்டூர் திறந்தார்கள். குறுவைக்கே தண்ணீர் தட்டுப்பட்டு, கடைமடையில் பயிர் காய்ந்து, அக்டோபர் 10-ஆம் தேதி நீர்மட்டம் 30 அடியை ஒட்டி வந்தபோது பாசனத்துக்குத் திறப்பதை நிறுத்தினார்கள். சம்பா எங்கள் பக்கம் பாதிகூடத் தேறவில்லை. நான் ஐம்பது ஆண்டுகளாகக் காலையில் நாளிதழைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் நிலவரம்தான்: நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு, இருப்பு. அந்த எண் இறங்க இறங்க வயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் இருக்கும். அப்படி இறங்கிய ஆண்டில், என்னதான் இருக்கிறது அந்த அடியில் என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றி, மேட்டூர் வந்து, கொளத்தூருக்குப் பேருந்து பிடித்துப் போனேன்.

பரிசல் துறையிலிருந்து கீழே இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. நடந்த இடமெல்லாம் தேக்கத்தின் தரை. மேல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரை போயிற்று. இடையிடையே நிலக்கடலையும் சோளமும் பயிரிட்டிருந்தார்கள்; நீர் வற்றும் காலங்களில் அந்தக் கரைக்காரர்கள் இப்படி விதைப்பது வழக்கம். நந்தியின் உடம்பில் நீர் நின்ற அளவுகள் வரிவரியாகப் படிந்திருந்தன. யாரோ அதன் கழுத்தில் மாலை போட்டு நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அதைச் சுற்றிப் படம் எடுக்கிறவர்கள் கூட்டம். நான் கொஞ்சம் ஒதுங்கி வந்தபோது கடலை பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி தலை நிமிர்ந்து, "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். "தஞ்சாவூர்ப் பக்கம், அம்மா. ஒரத்தநாடு" என்றேன். "அப்ப நம்ம தண்ணி பாயற ஊருதான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, உறவு முறை சொல்கிறவர்கள் குரலில் சொன்னார். பிறகு கையால் ஒரு திசையைக் காட்டி, "எங்க அப்பாயி வாழ்க்கப்பட்டு வந்த வீடு அந்தப் பக்கம் இருந்ததுன்னு எங்கப்பா காட்டுவாருங்க. அவரும் பார்த்ததில்ல, அவங்கப்பா காட்டுனதுதான்" என்றார். அந்தத் திசையில் வண்டல் மண்ணைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு கைப்பிடி கடலையைக் கொடியோடு பிடுங்கி, முட்டியில் தட்டி மண்ணை உதிர்த்து, என்னிடம் கொடுத்தார். கடலைத் தோலின் பள்ளங்களில் மண் ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்துப் பார்த்தேன். மாவுபோல் மெல்லிய சாம்பல் நிற வண்டல். அணை இல்லாத காலத்தில் வெள்ளத்தோடு இறங்கி எங்கள் வயலில் வந்து படிந்திருக்க வேண்டிய மண். இப்போது அது வழியிலேயே நின்று, அவருடைய பாட்டியின் வீட்டின்மேல் தொண்ணூறு ஆண்டுகளாகப் படிந்துகொண்டிருக்கிறது.

இந்த வண்டல் ஒரு முக்கியமான செய்தி. செய்திப் படங்களில் அது வருவதில்லை. நீர் வற்றினால் ஊர் திரும்பத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரமான கட்டடம் தெரியும், ஊர் தெரியாது. சுவர்கள் மண்ணாலானவை என்றால் ஊறிக் கரைந்திருக்கும், கிணறுகள் தூர்ந்திருக்கும், தெருவின் அடையாளம் ஒவ்வொரு வெள்ளத்திலும் இன்னும் ஒரு படிவத்துக்குக் கீழே போகும். 2017-இல்தான் மேட்டூர் தேக்கத்தில் தூர் வாரி, உழவர்கள் வண்டல் அள்ளிக்கொள்ள அரசு வழி செய்தது. அணை கட்டியதிலிருந்து அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. தூர் வாரும் இடங்களில் பழைய ஓடோ, குழவியோ, எழுத்துள்ள கல்லோ கிடைத்தால் குறித்துவைக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. கொள்ளளவுக்காகத் தூர் வாருவது நமக்கு மிகவும் தேவை, அதை மறுக்கவில்லை. அள்ளுகிற மண்ணில் ஓர் ஊர் இருக்கிறது என்ற நினைப்போடு அள்ள வேண்டும்.

இப்போது பெயரைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இதுதான். கிருஷ்ணராஜசாகர் அணையை நம் பக்கத்துப் பெரியவர்கள் என்ன சொல்லி அழைப்பார்கள்? கண்ணம்பாடி அணை. மைசூர் மகாராஜாவின் பெயர் அலுவலகக் காகிதங்களில் இருக்கிறது. வயல் வரப்பில் நின்று பேசுகிறவர் "கண்ணம்பாடி நெரம்புனாத்தான் நமக்கு வரும்" என்றுதான் சொல்வார். கண்ணம்பாடி என்பது அந்த அணை நீரில் மூழ்கிய ஊரின் பெயர். கன்னடத்திலும் அதே வழக்கு இருக்கிறது. அங்கே நீருக்குள் போன வேணுகோபாலசுவாமி கோயில், ஹொய்சளர் காலத்தது. நீர் வற்றிய ஆண்டுகளில் தெரிந்துகொண்டிருந்த அந்தக் கோயிலைப் பின்னர் கல் கல்லாகப் பிரித்து எடுத்துக் கரையில் ஹொச கண்ணம்பாடியில் மீண்டும் கட்டினார்கள். ஆக, அந்த ஊர் மூழ்கியும் ஒரு பெயராக நிலைத்தது. பல பத்தாண்டுகள் கழிந்தும் அதன் கோயில் எழுந்தது.

நாயம்பாடிக்கு இது கிடைக்கவில்லை. மேட்டூர் என்பது அணை நிற்கிற இடத்தின் பெயர்; ஸ்டான்லி என்பது ஆளுநரின் பெயர். நீர் நிற்கிற இடத்தின் பெயர் இந்த இரண்டிலும் இல்லை. பண்ணவாடியும் காவேரிபுரமுமாவது மேட்டில் ஏறிப் பிழைத்த பெயர்கள். நாயம்பாடி என்ற பெயரைச் சொன்னால் டெல்டாவில் அடையாளம் காண்பவர் ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. அடுத்த மாநிலத்தில் மூழ்கிய ஊரின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிற நாம், நம் சொந்தத் தேக்கத்தில் மூழ்கிய ஊரின் பெயரை அறியாமல் இருக்கிறோம். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கண்ணம்பாடி நமக்கு வழக்காக, உரிமையாக, கவலையாக இருந்தது. அதனால் அதன் பெயர் வாயில் இருந்தது. மேட்டூர் நமக்குத் தாய்மடியாக இருந்தது. மடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

சிலர் இந்த ஊர்களைப் பற்றி எழுதும்போது தியாகம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நல்லெண்ணத்தோடு எழுதுகிறார்கள், ஆனாலும் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. தியாகம் செய்கிறவரிடம் கொடுக்காமல் இருக்கும் உரிமையும் இருக்க வேண்டும். இவர்களுக்கு அது இல்லை. அன்று நடப்பில் இருந்தது 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். பொதுத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால் நிலத்துக்கு விலை வைத்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு அந்த மக்களை மீண்டும் ஓர் ஊராகக் குடியேற்ற வேண்டும் என்ற கடமை அந்தச் சட்டத்தில் இல்லை. மறுகுடியமர்த்தலைச் சட்டத்தின் பகுதியாக்கிய புதிய சட்டம் 2013-இல்தான் வந்தது. பட்டா உள்ளவருக்குப் பணம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், பரிசல் ஓட்டியவருக்கும் கூலிக்கு உழுதவருக்கும் கோயில் வாசலில் பூக்கட்டியவருக்கும் அந்தச் சட்டத்தில் என்ன விலை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது, நமக்குக் கொடுக்கப்பட்டது என்று நேராகச் சொல்வதே அவர்களுக்கு மரியாதை.

டெல்டாக்காரர்களுக்கு மூழ்கிய ஊரை நினைப்பது புதிதும் அன்று. நம் காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நாம். மணிமேகலை அந்த அழிவுக்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். பீலிவளை பெற்ற மகன் கப்பல் உடைந்து காணாமற்போனதை அறிந்த சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளி, மகனைத் தேடும் துயரில் இந்திர விழாவை நடத்த மறந்தான்; அதனால் கடல் ஊரைக் கொண்டது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய நினைவு ஒன்று விட்டுப்போனதால் ஊர் போயிற்று என்பது கதை. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில், அதை அழிவின் காரணமாக நான் ஏற்க முடியாது. ஆனால் அந்தக் கதையைச் சொன்ன சமூகம் நினைவை எவ்வளவு பெரிய கடமையாக வைத்திருந்தது என்பதற்கு அது சான்று. பூம்புகாரின் அகழாய்வில் கீழையூரில் செங்கல் படகுத்துறை கிடைத்தது. பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் கிடைத்தது. 1973-இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. இன்றும் சித்திரை முழுநிலவில் இந்திர விழா நடக்கிறது. காப்பியம் பாடப்பட்ட ஊர் என்பதால் பூம்புகாருக்கு இவ்வளவு வாய்த்தது. அதே ஆற்றில் மேலே, எடுத்துச் சொல்லக் காப்பியம் இல்லாத ஊர்களுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட நான் போன வழியில் தென்படவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். நீங்கள் படித்த பிள்ளை என்பதால் முதலில் ஆவணம். ஊர்களைத் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வலக்கரை ஊரான காவேரிபுரம் அன்று கோயம்புத்தூர் மாவட்டம் பவானி வட்டத்தில் இருந்தது; இடக்கரை ஊர்கள் சேலம் மாவட்டத்தில் இருந்தன; தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இந்த மாவட்டங்களின் பழைய நிலப் பதிவுகளையும், மேட்டூர்த் திட்டத்தைப் பற்றிய அரசாணைகளையும் கேட்டுப் பாருங்கள். அணையின் 120 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரம். 1925-க்கு முந்தைய நில அளவை வரைபடத்தில் அந்த 790 அடிச் சமஉயரக் கோட்டைப் பின்தொடர்ந்து வண்ணம் தீட்டினால், கோட்டுக்குள் அகப்படும் பெயர்கள் எல்லாம் நீருக்குள் இருப்பவை. பொறுமையுள்ள இரண்டு பேர் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது. நம் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளிடம் இதை ஒப்படைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

அடுத்தது, வாய்மொழி. காவேரிபுரத்திலும் பண்ணவாடியிலும் மார்ட்டள்ளியிலும் இருப்பவர்களில் ஊரை நேரில் கண்டவர்கள் இன்று இருக்க வாய்ப்பில்லை. கண்டவர்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுபது, எண்பது வயதாகிவிட்டது. எந்தக் கோயிலுக்கு எந்த மாதம் திருவிழா, சந்தை எந்தக் கிழமை, ஆற்றில் எந்த இடத்தில் இறங்கிக் கடந்தார்கள், எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். குடிதண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் ஒரு தெருவே எழுந்து வரும். இதை என் தந்தையாரிடமே கற்றேன்; புதாறு வந்ததைச் சொல்லுங்கள் என்றால் "வந்துச்சு" என்பார், அன்று காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

மூன்றாவதாக ஒன்று, அது நம் ஊரிலேயே செய்யக்கூடியது. மேட்டூர் திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணையில் தண்ணீர் பிரித்துவிடும்போது நெல்லும் பூவும் தூவி வணங்குகிறோம். கரிகாலனை நினைக்கிறோம், காவிரித் தாயை நினைக்கிறோம், முறையானதுதான். ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிறோம். அந்த இடத்தில் இந்த ஊர்களின் பெயர்களையும் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் என்ன? எங்கள் வீட்டில் இந்த இரண்டு ஆண்டுகளாக என் மனைவி அப்படித்தான் செய்கிறாள். புதாற்றங்கரையில் விளக்கை விட்டதும் காவேரிபுரம், பண்ணவாடி, நாயம்பாடி என்று சொல்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. அவளுக்கு அந்தப் பெயர்கள் ஏதோ சாமிப் பெயர்கள்போலப் பதிந்துவிட்டன. வளர்ந்து கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நீர்மட்டம் 70 அடிக்குக் கீழே இறங்கிய காலமாக இருக்க வேண்டும். நான் போய்வந்த அதே 2024-இல், ஜூலை 30-ஆம் தேதி அணை மீண்டும் 120 அடியைத் தொட்டது. நான் நடந்த தரையும், கடலைக் காடும், நந்தியும் சில வாரங்களுக்குள் நீருக்குள் போயின. அந்த எண்ணை நாளிதழில் பார்த்தபோது முதல் முறையாக எனக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும் என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்த அம்மா கடைசிக் கடலையைப் பறித்து முடித்திருப்பாரா என்ற நினைப்பு ஒரு பக்கம். மழை பொய்த்த ஓர் ஆண்டில் உங்களுக்கும் போக நேர்ந்தால், நந்தியைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல் கரையோரம் பயிர் செய்கிறவர்களிடமும் வலை காயவைக்கிறவர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, எந்தப் பக்கம் என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.